நிலம் மயங்கும் இடம்: பொக்காளி வயலும் திணைக் கோட்பாட்டின் சூழலியல் வாசிப்பும்

தமிழ்த் திறனாய்வில் கடந்த முப்பது ஆண்டுகளில் வேரூன்றிய அணுகுமுறைகளுள் சூழலியல் வாசிப்பும் ஒன்றாகும். சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைத் தனிநாயக அடிகள் 1950களிலேயே விரிவாக ஆராய்ந்தார். கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில் ஐந்திணைகளைச் சமனற்ற பொருளியல் வளர்ச்சியின் பதிவுகளாகக் கண்டார். நிர்மல் செல்வமணி திணையை மாந்தரும் பிற உயிர்களும் நிலமும் சேர்ந்து அமையும் ஓர் இல்லமாக விளக்கினார். இம்மூவரின் நோக்கும் முடிவும் வெவ்வேறானவை. எனினும் கருத்தரங்கக் கோவைகளையும் ஆய்வேடுகளையும் புரட்டுவோர் இம்மூவரையும் ஒரே தொடருக்குள் அடக்கிவிடும் போக்கினையே மிகுதியாகக் காண்பர். பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர். திணைப் பகுப்பே அதற்குச் சான்று என்பதே அத்தொடர்.

இத்தொடர் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் ஓரளவு பொருந்தலாம். மருதத்திடம் வரும்போது அது தடுமாறுகிறது. மருதம் தானாக அமைந்த நிலமன்று, ஆக்கப்பட்ட நிலம். காட்டை அழித்து, ஆற்றை மறித்து, சேற்றைச் சமன் செய்து, ஒரு புல்லினத்தை மட்டும் நிறுத்திப் பிறவற்றைக் களையென்று நீக்கிய பின்னரே மருதம் மருதமாகிறது. உலகில் இன்று 150 கோடி எக்டேருக்கும் மேற்பட்ட நிலம் பயிர்நிலமாக உள்ளது; மாந்தர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்கே செல்கிறது. இப்பெருமாற்றத்தின் தொன்மையான இலக்கியப் பதிவுகளுள் ஒன்று தமிழில் உள்ளது. அப்பதிவை இயைபின் சான்றாக மட்டும் படிப்பது அதனைப் பாதியாகப் படிப்பதாகும். கொச்சிக் காயலிலுள்ள வல்லார்பாடம், முளவுகாடு, கடமக்குடி முதலான தீவுகளிலும் வைப்பின் கரையிலும் வழங்கிவந்த பொக்காளி வேளாண்மையை அருகில் வைத்துப் பார்க்கும்போது, திணைக் கோட்பாட்டின் வலிமையும் அதன் வரம்பும் ஒருசேரத் தெளிவாகின்றன. இப்பகுதி பண்டைச் சேரநாடு. ஆதலின் ஒப்புமைக்காக அயல்நிலம் ஒன்றினைத் தேடிச் சென்றதாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை.

வாடிய நெய்தல்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காவிரியின் பெருமையோடு தொடங்கிச் சோணாட்டு மருத வளத்திற்குள் நுழைகிறது. நுழைந்தவுடன் புலவர் காட்டும் முதற்காட்சிகளுள் ஒன்று கரும்பாலை. பாகு காய்ச்சும் ஆலையின் தீ வெப்பம் தாக்கி, அருகிலுள்ள நீர்வயலில் நின்ற நெய்தற்பூ அழகிழந்து வாடுகிறது. உரையாசிரியர் மரபிலும் பாடநூல்களிலும் இக்காட்சி வளத்தின் மிகுதியை உணர்த்துவதாகவே விளக்கப்படுகிறது. ஆலைகள் அத்துணை இடையறாது இயங்கின என்பது கருத்தாம். அவ்விளக்கம் பிழையன்று. ஆயினும் வாடுவது எப்பூ என்பதையும் நோக்குதல் வேண்டும். கரும்பும் ஆலையும் மருதத்தின் உற்பத்தி. வாடுவதோ கடற்கரைத் திணைக்குப் பெயர் தந்த பூ. புலவர் இதனைக் குறியீடாக எண்ணிப் பாடினார் என்று கூறுவதற்கில்லை. அவர் கண்டதைப் பாடியிருக்கலாம். கண்டதைப் பாடியிருப்பின் சான்றின் மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

இதே பாட்டின் பிற்பகுதியில் கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதும், குளங்களைத் தோண்டி வளம் பெருக்கியதும் புகழாகப் பேசப்படுகின்றன. வளத்தைப் பாடும் முற்பகுதியையும் வேந்தனைப் பாடும் பிற்பகுதியையும் இணைத்துப் படிப்போர் மிகச் சிலரே. இணைத்துப் படித்தால் ஒரு நிலவரலாறு கிடைக்கிறது: முல்லை அழிந்து மருதமாகிறது; மருதத்தின் ஆலைத்தீயில் நெய்தல் கருகுகிறது. புறநானூற்றில் குடபுலவியனார் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரையும் (நிலத்தோடு நீரைச் சேர்த்தவரே உடலையும் உயிரையும் படைத்தவர் என்பது அதன் சாரம்) நீர்ப் பாதுகாப்பின் மேற்கோளாகவே இன்று வழங்குகிறது. அது வேந்தனின் புகழுக்கும் வெற்றிக்கும் வழிகாட்டும் அறிவுரையும் ஆகும் என்பதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வரலாறு தொடர்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில் குடியேறிகள் காட்டுக்குத் தீயிட்டுக் கரிசலை விளைநிலமாக்கும் பகுதி, பட்டினப்பாலை ஓரிரு அடிகளில் சொல்லிச் சென்றதை விரித்துக் காட்டுகிறது. அங்கும் தீ கொண்டாட்டமாகவே எரிகிறது. எரிந்தவற்றின் கணக்கு நாவலாசிரியர்க்குத் தெரியும். குடியேறிகளுக்கு அது தேவைப்படவில்லை.

பட்டினப்பாலையில் நெய்தலும் மருதமும் சந்திக்கும் இன்னோர் இடமும் உண்டு. வெள்ளுப்பை விற்று அதற்கு ஈடாக நெல்லைக் கொண்டுவந்த படகுகள் புகாரின் கழிக்கரையில் குதிரைகளைப்போல வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அகநானூற்றில் அம்மூவனார் பாடல்களில் உமணப் பெண் நெல்லுக்கு நேர் உப்பு என்று கூவி விற்கிறாள். புறநானூற்றில் பரணர் காட்டும் முசிறியில் மீனை விற்றுப் பெற்ற நெல் குவிந்து கிடக்கிறது. இவ்விடங்களிலெல்லாம் உப்பும் நெல்லும், மீனும் நெல்லும் சந்திப்பது பண்டமாற்றில்தான். ஒன்று வர மற்றொன்று போகிறது. இரண்டும் ஒரே மண்ணில் விளைவதாகச் சுட்டப்படவில்லை.

இலக்கண விதியும் அதன் எச்சமும்

பண்டமாற்றில் கலக்கும் திணைகள் நிலத்தில் கலப்பதில்லை என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே ஒரு விதி உண்டு. அகத்திணையியலில் ஆசிரியர் திணைகள் ஒன்றோடொன்று மயங்குவதற்குத் தடையில்லை என்கிறார். உடனே, நிலங்கள் ஒருங்கே மயங்குதல் இல்லை என்று வரம்பிடுகிறார். அடுத்து, உரிப்பொருள் அல்லாதவை மயங்குதற்கும் இடமளிக்கிறார். இந்நூற்பாக்களை இணைத்துப் பொருள் காண்பதில் உரையாசிரியர்களுக்குள் வேறுபாடு உண்டு. எனினும் இரண்டு நிலம் ஓரிடத்தில் ஒருங்கு நிற்றல் இயலாது என்பது அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. செய்யுள் மரபைப் பொறுத்தவரை இவ்விதி தெளிவைத் தருவது. ஒரு பாடலின் நிலம் எதுவென்று அறியாமல் அதன் உள்ளுறையை விளங்கிக்கொள்ள இயலாது.

இன்னொன்றும் இங்கு நோக்கத்தக்கது. முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் எனப் பெரும்பொழுது வகுத்த தொல்காப்பியர், மருதத்திற்கும் நெய்தலுக்கும் வைகறை, எற்பாடு முதலான சிறுபொழுதுகளை மட்டுமே கூறினார். ஆகவே இவ்விரு திணைக்கும் ஆறு பெரும்பொழுதும் உரியன என உரையாசிரியர் கொண்டனர். மருதத்தையும் நெய்தலையும் பிரிப்பது நிலமே, பருவமன்று என்பதே இதனால் பெறப்படும் முடிவு. இம்முடிவுதான் வல்லார்பாடத்தில் தலைகீழாகிறது.

விதி செய்யுளுக்கு வகுக்கப்பட்டது. அதன் எச்சமோ திறனாய்வில் ஒரு பழக்கமாகத் தங்கிவிட்டது. மருதம் என்றால் நெல், நெய்தல் என்றால் உப்பும் மீனும் என்று அட்டவணை இட்டு, ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் இயைபைத் தேடுகிறோம். கட்டங்களுக்கு இடையில் நிகழ்வது கண்ணில் படுவதில்லை. தற்கால நாவல்களைத் திணை அடிப்படையில் ஆராயும் ஆய்வேடுகளும் இதனையே செய்கின்றன. ராஜம் கிருஷ்ணன் மீனவரைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’, உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’, தஞ்சை உழவுத் தொழிலாளரைப் பற்றிச் ‘சேற்றில் மனிதர்கள்’ என மூன்று களங்களுக்கு மூன்று நாவல்கள் படைத்தார். மூன்றும் கள ஆய்வின் உழைப்பால் சிறந்தவை. ஆனால் அலை, கரிப்பு, சேறு என மூன்றும் தனித்தனி நூல்களில் நிற்பது, தமிழ் நிலத்தின் இயல்பா, தமிழ் எழுத்தின் பழக்கமா என்ற வினாவை ஆய்வாளர் எழுப்பியதில்லை.

பாடம் என்னும் சொல்

வல்லார்பாடம் முளவுகாடு ஊராட்சியைச் சேர்ந்த தீவு. கொச்சித் துறைமுகத்தின் வாயிலில், மட்டாஞ்சேரிக்கும் வைப்பினுக்கும் அண்மையில் உள்ளது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் வடக்கே முசிறித் துறை தூர்ந்து கொச்சித் துறை திறந்துகொண்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. காயலும் ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளி உருவாக்கிய தாழ்நிலம் இது. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘பாடம்’ மலையாளத்தில் நெல்வயலைக் குறிக்கும் சொல். தமிழில் பாடம் என்றவுடன் படிப்பும் மூலபாடமும் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் ஒரே வேர் என்று இங்கு வாதிடவில்லை. வயலைப் படிக்க முற்படும் கட்டுரைக்கு இவ்வொலியொற்றுமை ஒரு தற்செயலான வசதி, அவ்வளவே.

பொக்காளி என்பது நெல்வகையின் பெயர். அதனை விளைவிக்கும் முறைக்கும் நிலத்திற்கும் அதுவே பெயராயிற்று. மலையாளத்தில் பொக்கம் என்றால் உயரம். நீர் ஏற ஏற அதற்கு மேலே தலையெடுத்து நிற்கும் உயரப் பயிர் இது. எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்வயல்களில் வழங்குவது. கோடையின் இறுதியில், ஏப்ரல் நடுவில், வயல்களின் நீர் வடிக்கப்படுகிறது. வற்றிய சேற்றை வெட்டிச் சிறுசிறு மேடுகளாகக் குவிக்கின்றனர். இடவப்பாதி மழை அம்மேடுகளின் மீது பெய்து உப்பைக் கரைத்து இறக்குகிறது. உப்பு இறங்கிய மேட்டு உச்சியில் முளைகட்டிய விதை இடப்படுகிறது. நாற்று வளர்ந்தபின் மேட்டையே பல துண்டுகளாக வெட்டி, மண்ணோடும் வேரோடும் வயலெங்கும் பரப்புகின்றனர். வயலிலிருந்து உப்பை நிலையாக வெளியேற்றும் முயற்சி எதுவும் இங்கில்லை. மழை உப்பை அடக்கி வைத்திருக்கும் நான்கைந்து மாதங்களுக்குள் நெல் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது.

அக்டோபர் அளவில் அறுவடை. கதிர் மட்டும் அறுக்கப்படுகிறது. தாள் முழுவதும் நீரில் நிற்கிறது. அதன்பின் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ‘செம்மீன் கெட்டு’ நடைபெறும் காலம். வரப்பில் பொருத்தப்பட்ட மதகு வழியே ஓதநீர் உள்ளே விடப்படுகிறது. அம்மதகுக்கு அங்கு வழங்கும் பெயர் தூம்பு. பாண்டிநாட்டு ஏரிக்கரைகளில் கல்வெட்டுக் காலந்தொட்டு வழங்கும் அதே சொல் உப்புநீரின் வாயிலில் நிற்பதைச் சொல்லாய்வாளர் கவனிக்க வேண்டும். நீரோடு நாரன், பூவாலன், சூடன் முதலிய இறால் குஞ்சுகள் நுழைகின்றன. அழுகும் நெற்றாளும் அதில் உண்டாகும் நுண்ணுயிர்களும் அவற்றிற்கு இரை. இறாலின் கழிவும் மட்கிய தாளும் அடுத்த பருவத்து நெல்லுக்கு உரம். மரபான முறையில் வேதியுரமோ பூச்சிமருந்தோ இடப்படுவதில்லை. இட்டால் இறால் சாகும் என்பதே உழவனுக்குப் போதிய காரணம். இயற்கையின்மீது கொண்ட பற்றாக இதனை விளக்கத் தேவையில்லை; அடுத்த விளைச்சலைப் பற்றிய கணக்காகவே விளக்கலாம். இயைபு என்னும் சொல்லைத் திறனாய்வாளர் சற்றுச் சிக்கனமாகக் கையாளுவதற்கு இது ஒரு காரணமாகும்.

இவ்வயல் மருதமா, நெய்தலா? தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மருதம். பனியிலும் வேனிலிலும் நெய்தல். இங்கு இரு திணையையும் பிரிப்பது பெரும்பொழுது. நிலம் இரண்டுக்கும் பொது. தொல்காப்பியர் விலக்கிய நிலமயக்கம் இங்கு ஆண்டுதோறும் நிகழ்கிறது. அவர் விதி பொய்த்தது என்பதன்று இதன் பொருள்; இரண்டும் ஒரே வேளையில் நிற்பதில்லையாதலின், ‘ஒருங்கு’ என்னும் சொல்லைக் காலத்தொடு பொருத்தினால் விதி நிலைபெறவும் கூடும். அவ்வாறு பொருத்திப் பார்க்க உரைமரபு முனையவில்லை என்பதே குறை. கண்ணூர்ப் பகுதியின் கைப்பாடு, கோவாவின் கசான் வயல்கள், வியட்நாமின் மேகாங் கழிமுகத்து நெல்–இறால் சுழற்சி ஆகியவற்றையும் எண்ணினால், இது ஓர் ஊரின் விந்தையன்று என்பது விளங்கும்.

கருத்தம்மாவின் கடல்

தமிழ் வாசகர்க்குச் செம்மீன் என்றால் தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவல். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ்நாவல் போலவே நிலைத்துவிட்ட நூல். அதில் செம்மீன் கடலின் கொடை. கரையிலிருக்கும் பெண்ணின் கற்பு கடலில் இருக்கும் ஆணின் காவல். கடலம்மையின் இந்த ஒழுக்க உலகம் முழுமையான நெய்தல் உலகம். ஆனால் நாவலின் பெயராக நிற்கும் உயிரியின் வாழ்வு அவ்வெல்லைக்குள் அடங்குவதன்று. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு காயலுக்கும் கழிக்கும் தாழ்வயலுக்கும் வந்து வளர்கின்றன. பருவம் எய்தியபின் கடலுக்குத் திரும்புகின்றன. கருத்தம்மாவின் கடல் உள்நாட்டுக் காயலாலும் வளம் பெற்ற கடல். காயலும் வயலும் கெட்டால் செம்பன்குஞ்சின் வலையும் குறைபடும்.

தகழியே இதன் மறுபுறத்தை வேறொரு நாவலில் எழுதினார். ‘இரண்டிடங்ஙழி’ (1948) குட்டநாட்டு நெல்வயல்களில் உழைத்த புலையர்களான கோரன், சிருதை, சாத்தன் ஆகியோரின் கதை. வல்லார்பாடமும் குட்டநாடும் ஒரே வேம்பநாட்டுக் காயலின் இரு பகுதிகள்; ஆயினும் குட்டநாடு தெரிந்துகொண்ட வழி வேறு. அங்கே காயலுக்கு அணையிட்டு, நீரை இறைத்து வெளியேற்றிக் கடல்மட்டத்திற்கும் கீழே நெல் விளைவித்தனர். உப்பைத் தடுக்க 1970களின் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணை இயங்கத் தொடங்கியது. உப்பு நின்றது. உப்போடு ஓதமும் நின்றது. மீனும் இறாலும் மேலேறும் வழி மறிபட்டது. தேங்கிய நீரில் ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கப் பாசியும் பெருகின. உரமும் பூச்சிமருந்தும் கடலுக்குக் கழியாமல் காயலில் தங்கின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் அளித்த குட்டநாட்டு அறிக்கை இத்தகைய சீர்கேடுகளைக் களையும் நோக்கில் எழுந்ததே. நிலம் மயங்குதல் கூடாது என்ற விதியை எவரேனும் பொறியியலாக மாற்றியிருந்தால் அது தண்ணீர்முக்கம் அணையாகவே இருந்திருக்கும்.

தமிழகத்தின் சோழமண்டலக் கரையில் இதற்கு நேர்மாறான அழிவு நிகழ்ந்தது. 1990களில் நாகை வட்டாரத்தில் நெல்வயல்கள் ஆண்டு முழுவதும் உப்புநீர் தேக்கிய இறால் பண்ணைகளாயின. அண்டை வயல்களிலும் கிணறுகளிலும் உப்பு ஊறியது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்தில் அத்தகைய பண்ணைகளைத் தடை செய்தது. மரபுவழி முறைகளைத் தடையினின்று விலக்கி வைத்தது. குட்டநாட்டில் மருதம் நெய்தலை வெளியே நிறுத்தியது. நாகையில் நெய்தலின் பெயரால் வந்த தொழில் மருதத்தைத் தின்றது. பொக்காளி வயல் இவ்விரண்டுக்கும் இடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழிவிட்டு ஒதுங்கும் ஏற்பாடு. ஆயினும் அங்கும் இறாலின் இலாபம் நெல்லின் வருவாயைவிட மிகுதி. ஏப்ரல் முடிந்தும் நீரை வடிக்காது இறாலையே தொடர்ந்து வளர்க்கும் போக்கு பெருகவே, ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்பதை அரசு கொள்கையாக வலியுறுத்த நேர்ந்தது. ஒருகாலத்தில் ஏறத்தாழ 25,000 எக்டேர் பரவியிருந்ததாகக் கூறப்படும் பொக்காளி நிலம் சில ஆயிரம் எக்டேராகச் சுருங்கிவிட்டது.

புறத்தே நிறுத்தப்பட்டவர்

இயைபு வாசிப்பு மறைக்கும் மற்றொன்று உழைப்பு. அடியவரும் ஏவல் வினைசெய்வோரும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும் தலைமக்களாக வருதற்குத் தடையில்லை என்கிறது தொல்காப்பியம். தடையில்லை என்னும் நயமான சொல்லுக்குள் ஐந்திணைக்குள் அவர்க்கு இடமில்லை என்பது அடங்கியிருக்கிறது. மருதத்தைச் சேறாக்கிச் செறுவாக்கிய கைகள் மருதத்தின் காதற்பாட்டுக்கு உரியவை அல்ல. மருதத்தின் உரிப்பொருளான ஊடல், நிலத்தைத் தானே உழாத ஊரனின் இல்லத்தில் நிகழ்வது.

பொக்காளி வயலின் மேடுகளைக் குவித்தவரும் இடுப்பளவு நீரில் நின்று கதிர் அறுத்தவரும் பெரும்பாலும் புலையர். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி. 1913இல் கொச்சிப் புலையர் ஒன்றுகூடி அமைப்பு காண விரும்பியபோது, கூடுவதற்கு அவர்க்கு நிலம் மறுக்கப்பட்டது. பண்டிட் கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் முன்னின்று, படகுகளைக் காயலில் ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின்மீது கூட்டத்தை நடத்தினர். காயல் சம்மேளனம் என்று அது வரலாற்றில் வழங்குகிறது. சேரானெல்லூரைச் சேர்ந்த கருப்பன் கவிஞர், ‘ஜாதிக்கும்மி’ இயற்றியவர், நீர்வினை செய்யும் குலத்தில் பிறந்தவர். நிலத்தை நீரிலிருந்து எழுப்பியவர் நிற்பதற்கு நிலமின்றி நீரின்மேல் கூடிய நிகழ்ச்சியைத் திணை ஆய்வு எந்தத் தலைப்பின்கீழ் வைக்கும் என்பது எளிய வினா அன்று. பொக்காளியைப் பொற்காலமாகப் புனைந்து பேசுவோர்க்கும் இவ்வினா பொருந்தும்.

இதே முளவுகாட்டுக் காயலோரத்தில் 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. வல்லார்பாடத்தில் அமையவிருந்த பன்னாட்டுச் சரக்குப்பெட்டக முனையத்திற்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காக, மூலம்பிள்ளி உள்ளிட்ட பல ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. முனையம் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பொக்காளியின் தேய்வுக்கு முனையம் மட்டுமே காரணம் என்பது மிகை. ஆள் பற்றாக்குறை, கூலி, பெரியாற்றங்கரை ஆலைகளின் கழிவு, இறாலின் இலாபம் எனப் பல காரணங்கள் முன்னரே வேலை செய்துகொண்டிருந்தன. எனினும் ஊர்ப்பெயரில் மட்டும் வயலை வைத்துக்கொண்டு, கப்பற்பெட்டிகளால் உலகறியும் இடமாயிற்று வல்லார்பாடம்.

அதே 2008ஆம் ஆண்டில் கேரள அரசு நெல்வயல் மற்றும் நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நெல்வயலை மேடாக்குவதைத் தடுக்க எழுந்த தேவையான சட்டம் அது. அதன் சொல்வரையறை இலக்கண மாணவர்க்குச் சுவை தரக்கூடியது. காயல், கழிமுகம், சதுப்பு, அலையாத்தி முதலியவற்றை நீர்நிலம் என்று கூறும் சட்டம், நெல்வயலை அவ்வகையினின்று நீக்கிவிடுகிறது. நெல்வயல் ஒரு வகை. நீர்நிலம் மற்றொரு வகை. ஆண்டில் பாதி நெல்வயலாகவும் பாதி கழியாகவும் இருக்கும் நிலத்துக்கு இரண்டுமாக இருப்பதற்குச் சொல்லில்லை. சட்டம் இயற்றியோர் தொல்காப்பியத்தைப் பயின்றிருக்கத் தேவையில்லை; நிலத்தை வகுக்கத் தொடங்கும் எவரும் வந்துசேரும் இடம் இதுவே போலும்.

கருவும் முதலும்

உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 138 கோடி எக்டேர் நிலம் உப்பால் தாக்குற்றிருப்பதாகவும், பாசனப் பயிர்நிலத்திலும் மானாவாரிப் பயிர்நிலத்திலும் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு உள்ளதாகவும் கணக்கிடுகிறது. இவ்வுவர்ப்பில் ஒரு பகுதி பாசனத்தாலேயே விளைந்தது. வேளாண்மை தன் காலடி நிலத்தைத் தானே கெடுத்துக்கொண்டதன் விளைவு. ஆகவே உப்பைத் தாங்கும் நெல் இன்று உலகத் தேவையாகியுள்ளது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளில் பொக்காளியின் முதற் குரோமோசோமில் உப்பைத் தாங்கும் பண்புக்குரிய பகுதி ஒன்று அடையாளம் காணப்பட்டு ‘சால்ட்டோல்’ எனப் பெயர் பெற்றது. அப்பண்பு பல நாடுகளின் நெல்வகைகளில் கலப்பினமுறையால் ஏற்றப்பட்டு வருகிறது. கொச்சி வைற்றிலாவிலுள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் பொக்காளி வழிவந்த வகைகளை வெளியிட்டுள்ளது. 2008–09இல் பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் திணை இலக்கணம் இங்கு ஒரு கூரிய கருவியாகிறது. நெல் கருப்பொருள், நிலமும் பொழுதும் முதற்பொருள். முதலின்றிக் கரு பொருள்படாது என்பதே அகத்திணை இலக்கணத்தின் அடித்தளம். சால்ட்டோல் முயற்சி கருவை அதன் முதலிலிருந்து பிரித்தெடுத்து வேறு நிலங்களில் நடுகிறது. புவிசார் குறியீடோ கருவின் பெயரை முதலோடு கட்டி வைக்கிறது. முதல் நிலைத்திருக்க வேண்டிய மதகையும் வரப்பையும் ஏப்ரல் மாதத்து நீர்வடிப்பையும் அது காப்பதில்லை. திணையைப் பண்பாட்டுப் பெருமையாக ஏந்தித் திரிவதைவிட இவ்வகையில் பயன்படுத்துவதே அக்கோட்பாட்டுக்குச் செய்யும் மதிப்பு எனலாம். பட்டினப்பாலையின் வாடிய நெய்தலும் அப்போதுதான் வளத்தின் அணியாக மட்டும் இராது.

நெய்தற் பாடல்களில் நெல்லும், மருதப் பாடல்களில் உப்பும் ஓதமும் வரும் இடங்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியாரின் மருதத்தையும் அம்மூவனாரின் நெய்தலையும் அருகருகே வைத்து அப்பணியைத் தொடங்கலாம். கொச்சித் தீவுகளில் காலவரம்பு கடுமையானது. ஏப்ரல் நடுவில் தூம்பு திறந்து நீர் வடிக்கப்படாத வயலில் மேடு குவிக்கப்படுவதில்லை. மேடு குவிக்கப்படாத வயலின் உப்பை இடவப்பாதி மழை வந்தும் கரைத்து இறக்குவதில்லை. அவ்வாண்டு அங்கே விதை இடப்படுவதும் இல்லை.